வெள்ளைத் தொப்பிக்காரிகளின் படமும் பதினேழாம் திகதியும்

1

படம் முடிந்து சனம் வெளியே போன பிறகுதான் எனக்குத் தியேட்டரில் அலுவல். பேர்லின் நொய்கெல்னில், சந்தடியான பெருந்தெருவுக்குப் பின்பக்கம், தொண்ணூறு கதிரைகள் மட்டும் உள்ள சின்னத் தியேட்டர். காலை ஏழு மணிக்குத் திறப்பைப் போட்டு உள்ளே போனால் பத்து மணிக்குக் கதிரை, நிலம், கழிவறை எல்லாம் பளிச்சென்று இருக்கும். இருபது வருடமாக அங்கே கூட்டித் துடைக்கிறேன். இருபது வருடத்தில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

ஆனால் எந்தப் படம் எப்படி என்று என்னைக் கேளுங்கள், சொல்வேன். குப்பையைப் பார்த்தாலே போதும். அடிதடிப் படமென்றால் சோளப்பொரி கதிரைகளுக்கு அடியில் சிதறிக் கிடக்கும். பகிடிப் படமென்றால் பியர் ஊற்றுப்பட்டு நிலம் காலில் ஒட்டும். சனம் நித்திரை கொண்ட படமென்றால் குப்பையே இராது. யாராவது சால்வையை மறந்து விட்டுப் போயிருப்பார்கள். அழுகைப் படமென்றால் கடதாசிக் கைக்குட்டைகள். கசக்கி உருட்டி, கதிரை இடுக்குகளில் எல்லாம் செருகி வைத்திருப்பார்கள்.

போன செப்டெம்பரில் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. மூன்று கிழமையாக ஒவ்வொரு காலையும் ஒரு பை நிறையக் கைக்குட்டை. வாசலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். இரண்டு பெண்கள். தலையில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி, கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை. நடுவில் ஒரு மெழுகுதிரி, பின்னால் கடல். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை: கன்னியாஸ்திரிகள். இந்தளவு சனம் அழுதிருக்கிறது என்றால் யாரோ புனிதைகளின் சரித்திரம்தான். கொள்ளைநோய்க்காரரைப் பராமரித்துத் தாங்களும் செத்திருப்பார்கள் என்றுகூட முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஷெஃப், தியேட்டர் முதலாளி, பூங்கொத்தோடு வந்தார். நான் வேலைக்கு வந்து இருபது வருடமாம். ஒரு சனிக்கிழமைக் காலைக் காட்சி முழுவதும் எனக்கே பரிசு. என் ஆட்களைக் கூட்டி வரலாம், எந்தப் படம் என்று நானே சொல்லலாம். நான் யோசிக்கவேயில்லை. கூட்டுமாற்றுப் பிடியாலேயே வெள்ளைத் தொப்பிக்காரிகளைக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தினார். “தைரியமான தெரிவு, ஃப்ரவ் பிலோமினா” என்றார். அடியில் ஓடுகிற ஜேர்மன் எழுத்தை வாசிக்க வேண்டுமே, அதற்குத்தான் தைரியம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

2

என் ஆட்கள் என்றால் மாதர் சபை. பேர்லினில் தமிழ்ப் பூசைக்கு வருகிற, என்னோடு சேர்த்துப் பதினாலு பெண்கள். பாதிப்பேருக்கு என்னைப்போலத் துப்புரவு வேலை, மிச்சப்பேர் உணவகக் குசினிகளில். தலைவி திரேசா அக்கா. குருநகர்க்காரி, எழுபத்துநாலு வயது, முப்பது வருடம் ஹோட்டல் கட்டில்கள் விரித்தவ. அவ தும்மினால் சபை முழுக்கத் தும்மும்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். பின்னேரம் ஆறரைக்கு எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, கடலை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம். அடுத்தநாள் அந்த வீட்டுக்காரரே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியல் திரேசா அக்காவின் நீலக் கொப்பியில் இருக்கும்.

இனி என் பிரச்சினையைச் சொல்கிறேன். என் மகள் அனிற்றாவுக்கு முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற பகுதியில் வேலை. ஐந்து வருடமாக லேனா என்ற ஜேர்மன் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். லேனா யார் என்று சபையில் கேட்டால் ‘மிற்பெவோனரின்’ என்பேன். வாடகையைப் பங்குபோட்டு ஒரே வீட்டில் இருப்பவள் என்று அர்த்தம். சபையும் அனிற்றாவுக்கு வரிசையாக மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது. நானும் “பார்ப்பம், பார்ப்பம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம் அந்த இரண்டு பிள்ளைகளும் விவாகப் பதிவு அலுவலகத்தில் எழுத்து எழுதினார்கள். அதற்கு முன்னம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூன்று தரம் டெர்மின் எடுத்துப் போனோம், நாலு தரம் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் நிரப்பினோம். என் பழைய அகதிப் பத்திரத்தில் என் பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறிக் கிடந்ததால் அந்த அலுவலகத்துப் பெண் எங்களை ஓட ஓட விரட்டினாள். மணப்பெண்கள் இரண்டு பேர் என்பது அவளுக்கு ஒரு விசயமாகவே இருக்கவில்லை. என் பெயர்தான் அவளுக்குப் பெரிய விசயம்.

எழுத்தன்று நான் சீலை உடுத்தவில்லை. வேலை உடுப்போடு போனேன், நீலக் கோட்டு, பையில் கையுறை. வழியில் யாராவது தமிழ் ஆட்கள் கண்டால் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லலாம் அல்லவா? வாசலில் நின்ற காவல்காரன் என்னைப் பார்த்து, துப்புரவுக்காரர் பின்கதவால் போகவேண்டும் என்றான். அனிற்றா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நீங்கள் என்ர கலியாணத்துக்கு நிலம் துடைக்க வந்த மாதிரி வந்திருக்கிறீங்கள்.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியில் வேலை, ஷிஃப்ட், களைப்பு. ஓகஸ்டில் ஒருநாள் தானாகவே எடுத்தாள்.

“அம்மா, ஒண்டு கேக்கிறன். சின்னனில மாதா எங்கட வீட்டை வரேக்க நான்தானே பூ வைக்கிறனான். இந்த ஒக்டோபர் என்ர வீட்டுக்கு வருவாவோ?”

“பார்ப்பம்” என்றேன்.

“எனக்கும் பார்ப்பம்தானோ?” என்றாள். “ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் இனிக் கேக்க மாட்டன். ஒண்டுமே கேக்க மாட்டன்.”

என் பிள்ளையை எனக்குத் தெரியும். மாட்டன் என்றால் மாட்டாள்தான். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல்தான் நான் புனிதைகளின் படத்துக்குப் பதின்மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

3

சனிக்கிழமை பதினொரு மணி. திரேசா அக்கா மூன்றாம் வரிசை நடுவில், கையில் செபமாலையோடு. மற்றவர்கள் அவவைச் சுற்றி. கைப்பைகளுக்குள் கொறிக்கப் பற்றிஸும் ரோல்ஸும். விளக்கு அணைந்ததும் எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டோம்.

கதை பிரான்சின் ஏதோ கடற்கரையில், இருநூறு வருடத்துக்கு முன்னம் நடக்கிறது. ஒரு உப்பளக்காரரின் விதவை. எழுத்து வாசிப்புத் தெரியாதவள். புருசனின் சகோதரர்கள் அவளுக்குத் தூர ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க இன்னொருத்தி வந்து சேர்கிறாள். இவள் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். வெள்ளைத் தொப்பி அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் உள்ளதாம். உப்பு வாருகிறவளுக்கும் தொப்பி, மீன் விற்கிறவளுக்கும் தொப்பி. எனக்கு மெல்ல வேர்க்கத் தொடங்கியது.

“எப்பயடி மாதா காட்சி குடுப்பா?” என்று பக்கத்தில் இருந்த ஸ்ரெல்லா கேட்டாள். ஸ்ரெல்லா மாதர் சபையில் ஆக இளையவள், ஐம்பது வயது.

“பொறு, வருவா” என்றேன்.

மாதா வரவில்லை. விதவைக்கு உப்பு கையைத் தின்றுவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம். கடிதக்காரி அந்தக் கையைப் பிடித்து, விளக்கு எண்ணெயைச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு வெடிப்பாகத் தடவுகிறாள். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கதையும் இல்லை. தடவி முடிந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். பிறகு விதவை குனிந்து அவளுக்கு முத்தம் கொடுக்கிறாள். அது சகோதரி சகோதரிக்குக் கொடுக்கிற முத்தம் இல்லை.

ஐயோ மாதாவே! நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. ஸ்ரெல்லாவின் பற்றிஸ் வாய்க்கும் கைக்கும் நடுவில் நின்றது. திரேசா அக்காவின் செபமாலை ஓட்டம் நின்றது. இப்போது எழும்புவா, எழும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பா, மற்றப் பன்னிரண்டு பேரும் பின்னால் எழும்புவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் எழும்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் பிறகுதான் விளங்கியது. அந்த வரிசைகளில் இருந்த எல்லோருக்கும் அதே கைதான். குளோரினும் அமிலமும் தின்ற கை, பனிக்காலத்தில் பிளந்து எரிகிற கை. எங்களில் எத்தனை பேருடைய கையை யாராவது இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்? திரேசா அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தா.

கடைசியில் விதவை வண்டியில் ஏறி மாப்பிள்ளை ஊருக்குப் போகிறாள். சனம் பார்க்கிறது என்று கடிதக்காரி கைகூடக் காட்டவில்லை. உப்பு வாருகிற பலகையை எடுத்து, வண்டி மறையும்வரை வாரிக்கொண்டே நிற்கிறாள். எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருடமாக நான் பொறுக்கிய குப்பையை அன்றைக்கு நானே போட்டேன்.

4

மன்னாரில் எங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருந்தது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. தையல் ரீச்சரும் கிறேஸ் அக்காவும் அந்த வீட்டில் இருந்தார்கள். சொந்தக்காரர் இல்லை. பெட்டைகள் எல்லோரும் ரீச்சரிடம்தான் தையல் பழகினோம். ஊரில் ஒருவரும் அவர்களைப் பற்றிக் கூடாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒக்டோபரில் மாதா அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து இந்தப் பக்கத்து வீட்டுக்குப் போவா. நடுவில் அவர்களின் வீடு மட்டும் விடுபடும். ஏன் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொண்டுபோனது நான். இரண்டு பேரும் படலையடியில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, கையில் பூவோடு நின்றார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ரீச்சர் மெல்லச் சொன்னா: “பிள்ளை, காத்துக்குத் திரி அணையப்போகுது. கையால மூடிக்கொண்டு போ.”

நான் மூடிக்கொண்டு போனேன். மாதாவும் போய்விட்டா. சண்டைக்குள் அவர்கள் எந்தப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள் என்றும் தெரியாது.

கடைசி எழுத்துகள் ஓடும்போது இன்னொரு ஞாபகமும் வந்தது. எண்பதுகளில் கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்டில் விமானம் விட்டு இறங்கி, ரயில் மாறி மேற்குப் பக்கம் வந்த பிறகு, ஏழு வருடம் எங்களுக்குத் தந்தது டுல்டுங் என்ற பத்திரம். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்வதென்றால், இந்த நாடு உன்னை ஏற்கவில்லை, இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை வாங்க வேண்டும். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒருநாளும் கோபித்ததில்லை, முகத்தைத்தான் பார்த்ததில்லை. நான் அதை எவ்வளவு சபித்திருப்பேன்! ஐந்து வருடமாக என் மகளுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்ததும் டுல்டுங்தான். அவளை ஒருநாளும் ஏசவில்லை. பொறுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நன்றி சொல்வாள் என்று வேறு எதிர்பார்த்தேன்.

5

விளக்கு வந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் பழக்கத்தில் குனிந்து என் காலடியில் கிடந்த கைக்குட்டையைப் பொறுக்கினேன். ஸ்ரெல்லாவும் குனிந்தாள். பிறகு திரேசா அக்கா. ஒரு நிமிடத்தில் பதினாலு பெண்களும் வரிசை வரிசையாகக் கைக்குட்டை, பற்றிஸ் தூள், கடதாசித் தட்டு எல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் துப்புரவாக்குவோம். உள்ளே வந்த ஷெஃப், “கடவுளே, இன்றைக்கு நீங்கள் விருந்தாளிகள்!” என்று கத்தியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

“என்ன பிலோ,” என்றா திரேசா அக்கா, கதிரைக்கு அடியில் இருந்து தலையைத் தூக்காமல். “உதுதானோ நீ சொன்ன புனிதைகளின்ர படம்?”

“பிழை என்னிலதான் அக்கா. தொப்பியைப் பார்த்து ஏமாந்துபோனன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “சீ, இதையெல்லாம் படமெண்டு எடுக்கிறாங்கள்” என்றது பின்வரிசையில் ஒரு குரல். “அழுதனீதானே நீயும்? மூக்கைத் துடை முதல்” என்றாள் ஸ்ரெல்லா.

எனக்கு அதைவிட்டால் வேறு நேரம் வராது என்று தெரிந்தது. குப்பைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“அக்கா, எல்லாரும் கேளுங்கோ. அனிற்றாவோட இருக்கிற லேனா மிற்பெவோனரின் இல்லை. மே மாசம் அவைக்கு எழுத்து முடிஞ்சுது. அஞ்சு வருசமா உங்களுக்குப் பொய் சொன்னனான். இனி ஒருத்தரும் என்ர பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். பதினாறாம் திகதி மாதா என்ர வீட்டில. பதினேழு அவையின்ர வீட்டை கொண்டு போறன்.”

சொல்லி முடித்ததும் குப்பைப் பையை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

“பங்குச் சுவாமியிட்டைக் கேட்டனியோ?” என்றா அக்கா.

“எந்த வீட்டுக்குப் போகேக்க சுவாமியிட்டைக் கேட்டனாங்கள்? வீட்டுக்காரர் கேட்டா மாதா போவா. நீங்கள் சொல்லித் தந்த வழக்கம்தானே அக்கா.”

அக்கா கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினா. “சரி, போட்டு வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனா. மற்றவர்களும் ஒவ்வொருவராக அவவின் பின்னால் போனார்கள்.

அடுத்தநாள் பூசைக்குப் பிறகு அக்காவின் பட்டியல் வட்ஸ்அப்பில் வந்தது. பதினாறு: பிலோமினா வீடு. பதினெட்டு: திரேசா வீடு. இரண்டுக்கும் நடுவில் பதினேழு என்ற இலக்கம் மட்டும், பக்கத்தில் வெறுமை. நான் அனிற்றாவின் விலாசத்தை எழுதி, ‘அனிற்றா, லேனா வீடு’ என்று போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் மறுமொழி போடவில்லை.

அனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னேன். “ஒருத்தரும் வராட்டி?” என்றாள்.

“மாதா வருவா, நான் வருவன். கடலையை அவிச்சு வை.”

கேட்டுக்கொண்டிருந்த என் புருசன் பேப்பரை மடித்தார். “மாதா வைக்கச் சுவரில தட்டு நான் போன மாசமே அங்க அடிச்சுப்போட்டன்” என்றார்.

“நீங்கள் எப்ப அங்க போனனீங்கள்?”

“செவ்வாய்க்கிழமையில போறனான். லேனா உருளைக்கிழங்கு சூப் வைக்கும்.”

“எத்தினை செவ்வாய்க்கிழமை?”

“ஆர் எண்ணினது?” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரை விரித்தார். இந்த மனிசனோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்துகிறேன். விசர் பிடித்தது எனக்கு. கொஞ்சம் பொறாமையும்தான்.

6

பதினேழாம் திகதி என் காஞ்சிபுரம் சீலையை உடுத்தினேன். மாதாவைக் கம்பளிச் சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊபான் ரயிலில் போனேன். எதிரில் இருந்த கிழவி, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டா. விலக்கிக் காட்டினேன். “ஓ” என்று, பக்கத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்து, அந்த இடத்தை மாதாவுக்கு ஒதுக்கித் தந்தா. புருசன் பூவோடு பக்கத்தில் நின்று வந்தார்.

நாலாம் மாடி, லிஃப்ற் இல்லை. அனிற்றா கதவைத் திறந்தாள். மாதாவைப் பார்க்க முன்னம் சீலையைத்தான் பார்த்தாள்.

“அம்மா, சீலை.”

“ஓம். மே மாசம் உடுத்தியிருக்க வேண்டியது. அண்டைக்கு நான் செய்தது பிழை பிள்ளை. பெரிய பிழை.”

அவள் சுரூபத்தோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தாள். “கவனம், மாதா!” என்று லேனா ஜேர்மனில் கத்தினாள். லேனாவின் கையில் ஒரு தாள் இருந்தது. செபமாலை முழுவதையும் அனிற்றா அவளுக்கு ஜேர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஆறரைக்கு ஸ்ரெல்லாவும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவ்வளவுதான். பெரிய சட்டியில் கடலை அவித்து வைத்திருந்த அனிற்றா வாசல் பக்கம் பார்ப்பதை நான் பார்க்காததுபோல இருந்தேன். “தொடங்குவம்” என்றேன். செபமாலையின் முதல் பத்து மந்திரம் முடிந்தது. இரண்டாம் பத்தில் லேனாவின் முறை வந்தது. அவள் வியர்த்து விறுவிறுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழ் மணி அடித்தது.

அனிற்றா போய்க் கதவைத் திறந்து வைத்தாள். படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு படி, ஒரு நிற்பு. மூன்று படி, ஒரு நிற்பு. கடைசியில் திரேசா அக்கா வாசலில் வந்து நின்றா, முகம் சிவந்து, மூச்சு வாங்க. பின்னால் ஒன்பது பெண்கள், அவவை முந்தப் பயந்து வரிசையாகப் படியில் நின்றார்கள்.

அக்கா மாதாவைப் பார்த்தா. தட்டைப் பார்த்தா. தாளோடு நின்ற லேனாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தா.

“லிஃப்ற் இல்லாத வீட்டை எடுத்திருக்குதுகள்,” என்றா. “உதுதான் எனக்குப் பிழையாத் தெரியுது. ஏன் நிப்பாட்டினனீங்கள்? அந்தப் பிள்ளை சொல்லட்டும்.”

லேனா விட்ட இடத்திலிருந்து சொன்னாள். நாங்கள் பதில் சொன்னோம். சின்ன வீடு, பாதிப்பேர் வாசல் நடையில் முழங்காலில் நின்றார்கள். அனிற்றாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது, சின்ன வயதில் கேட்ட அதே குரல்.

கடலை சாப்பிட்டு முடிந்து போகும்போது திரேசா அக்கா நீலக் கொப்பியை விரித்து, பதினேழுக்குப் பக்கத்தில் இருந்த வெறுமையில் மெல்ல மெல்ல எழுதினா. லேனா என்ற பெயரை எப்படி எழுதுவது என்று அனிற்றாவிடம் கேட்டு எழுதினா. பிறகு கொப்பியை மூடி, கோட்டைப் போட்டா.

“நாளைக்கு மாதா என்ர வீட்டை. வழக்கம் தெரியும்தானே? வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து தரவேணும்.”

“ஓம் அன்ரி, நான் கொண்டு வாறன்” என்றாள் அனிற்றா.

“வீட்டுக்காரர் எண்டு சொன்னனான்,” என்றா அக்கா. “ரெண்டு பேரும் வரவேணும். ஆறரைக்குப் பிந்தினா நான் தொடங்கிப்போடுவன்.”